நகரத்தின் கணக்கில் நம் இடம்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நம்மிடம், பழகிய சில நாட்களுக்குள்ளாகவே யாவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “உங்கள் சொந்த ஊர் எது?” என்பதே அது. முப்பது ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்த பின்பும், பிள்ளைகள் அவ்வூர் மொழியைத் தாய்மொழிபோல் பேசத் தொடங்கிய பின்பும், அந்தக் கேள்வி ஓய்வதில்லை. இதே கேள்வியை நகரங்களும் வேறொரு முறையில் கேட்கின்றன. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேருக்கு வீடு இல்லை என்றெல்லாம் அவை தம் ஏடுகளில் எழுதிவைத்துக் கொள்கின்றன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, நகர அமைப்பைப் பற்றிய அறிக்கைகள் அவ்வப்போது கைக்கு வருவதுண்டு. வெளியூரிலிருந்து வந்து குடியேறுவோரைக் குறிக்க அவற்றில் வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘உள்ளே பாய்வது’ என்று பொருள். தமிழில் ‘வரத்து’ என்று எழுதலாம். ஏரிக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து. மனிதருக்கு அச்சொல்லை வழங்க நேரும்போது பேனா ஒரு கணம் தயங்கும். ஆயினும் அதனினும் பொருத்தமான சொல் அகப்படாமல் அதையே எழுதி முடித்திருக்கிறோம். அந்தச் சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு நகரத்தையோ ஒரு பிரதேசத்தையோ முழுமையாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று நம்பியவர்களின் வரலாறு அது. நம்மைப் போன்றோரின் வாழ்வோடு அதற்கு நேரான தொடர்பு உண்டாதலால், அதனை ஈண்டு சிறிது காண்போம்.

முதலில் அந்தக் கணக்கின் இயல்பை அறிந்துகொள்வோம். ஏரி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வரத்துக் கால்வாய் வழியே நீர் வருகிறது. மதகு வழியே வெளியேறுகிறது. எந்த நேரத்திலும் ஏரியில் நிற்கும் நீரே இருப்பு. வருவதற்கும் போவதற்கும் உள்ள வேறுபாட்டினால் இருப்பு ஏறும் அல்லது இறங்கும். இது சிறுவரும் அறிந்த கணக்கு. ஆனால் ஏரியில் நீர் நிறைந்திருக்கக் கண்ட உழவர்கள் கூடுதலான நிலத்தில் நடவு செய்கின்றனர். அதனால் மதகு அதிக நேரம் திறந்திருக்கிறது. அதனால் நீர் குறைகிறது. குறைந்த நீரைக் கண்டு மறு ஆண்டு நடவைச் சுருக்குகின்றனர். இங்கே விளைவு மீண்டும் காரணமாகிறது. இதனைப் பின்னூட்டம் என்பர். நீர் குறைந்தது இன்று. அதைக் கண்டு நடவைச் சுருக்குவது அடுத்த பருவத்தில். இடையில் கழியும் காலமே தாமதம். இருப்பு, வரத்து, போக்கு, பின்னூட்டம், தாமதம் என்னும் இவற்றைக் கொண்டு ஒரு நிறுவனம், ஒரு நகரம், ஒரு நாடு நாளடைவில் எவ்வாறு மாறும் என்று கணித்துப் பார்க்கும் முறைக்கு அமைப்பு இயக்கவியல் என்று பெயர்.

இம்முறையைத் தோற்றுவித்தவர் ஜே பாரஸ்டர் என்னும் அமெரிக்கர். 1918ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்தில் கால்நடைப் பண்ணை ஒன்றில் பிறந்தவர். மின்சாரம் எட்டாத அந்தப் பண்ணையில், பள்ளி மாணவராக இருந்தபோதே, பழைய மோட்டார் வண்டியின் உறுப்புகளைக் கொண்டு காற்றாலை ஒன்றை அமைத்து வீட்டுக்கு விளக்கேற்றியவர். பின்னர் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, கணிப்பொறிகள் தொடக்க நிலையில் இருந்த அந்நாளில் ‘வர்ல்விண்ட்’ என்னும் கணிப்பொறியை அமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். செய்திகளைக் காந்த வளையங்களில் சேமித்துவைக்கும் முறையை வளர்த்துத் தந்தவர்களில் அவர் முதன்மையானவர். இத்தகைய பொறியியல் அறிஞர் 1956ஆம் ஆண்டில் அக்கழகத்தின் நிர்வாகவியல் பள்ளிக்கு மாறியபோது, யந்திரங்களை அறிந்தவருக்கு மனிதர்களிடையே என்ன வேலை என்று எண்ணியவர்களும் இருந்திருக்கலாம்.

அவருக்கு முதலில் கிடைத்த புதிர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கென்டக்கி மாநிலத்தில் நடத்திவந்த வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகளைப் பற்றியது. சில காலம் அங்கே மூன்று முறை வேலையும் தடையின்றி நடக்கும். சில ஆண்டுகள் கழித்துத் தொழிலாளரில் பாதிப் பேர் வேலையிழந்து வீட்டில் இருப்பர். வாணிப உலகின் ஏற்றத் தாழ்வே காரணம் என்று நிர்வாகிகள் கருதினர். பாரஸ்டர் ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, சரக்கு இருப்பு, வந்த ஆணைகள், தொழிலாளர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, வாரம் வாரமாகக் கையாலேயே கணக்கிட்டுச் சென்றார். வாடிக்கையாளரின் தேவை மாறாமல் சீராக இருந்தாலும், ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஊசல்போல் ஆடிக்கொண்டே இருக்கும் என்பது அக்கணக்கில் தெரியவந்தது. துன்பத்தின் வேர் நிறுவனத்தின் சொந்த முடிவுகளிலும் அவற்றின் தாமதங்களிலும் இருந்தது. 1961இல் அவர் வெளியிட்ட ‘தொழில் இயக்கவியல்’ என்னும் நூல் இந்த ஆராய்ச்சியின் பயனே ஆகும்.

தொழிற்சாலையிலிருந்து பிரதேசத்துக்கு இம்முறை வந்த வரலாறும் அறியத்தக்கது. நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்து ஆகிய மாநிலங்கள் வழியே ஓடிச் செஸபீக் விரிகுடாவில் கலக்கும் சஸ்குவஹானா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பற்றி, பட்டெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1960களில் ஓர் ஆய்வு நடத்தினர். பள்ளத்தாக்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேலைவாய்ப்பு, ஜனத்தொகை, குடிபெயர்ச்சி, நீர் ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதைக் கணிப்பொறியில் ஏற்றிப் பார்த்தனர். வேலை உள்ள இடத்தை நோக்கி மக்கள் செல்வதும், மக்கள் சென்ற இடத்தில் மேலும் வேலைகள் தோன்றுவதுமாகிய சுழற்சி அங்கே கணக்கில் இடம்பெற்றது. 1969இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. ஒரு பிரதேசத்தின் பொருளாதாரத்தையும் அதன் ஆற்று நீரையும் ஒரே கணக்கில் இணைத்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

அதே 1969ஆம் ஆண்டில் பாரஸ்டரின் ‘நகர இயக்கவியல்’ வெளிவந்தது. 1960 முதல் 1968 வரை பாஸ்டன் நகர மேயராக இருந்த ஜான் காலின்ஸ், பதவிக்காலம் முடிந்தபின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். இளம்பிள்ளை வாதத்தால் நடமாட்டம் குன்றிய அவருக்குப் பாரஸ்டரின் அறைக்கு அடுத்த அறை வாய்த்தது. அடுத்தடுத்த அறைகளில் இருந்தமையால் பேச்சு வளர்ந்தது. எத்தனை திட்டங்கள் தீட்டினாலும் நகரின் வறுமை ஏன் தீரவில்லை என்ற காலின்ஸின் கேள்விக்கு, நகரத்தையே ஒரு கணக்காக எழுதிப் பார்ப்போம் என்று பாரஸ்டர் விடை கூறினார்.

அந்தக் கணக்கில் ஒரு கற்பனை நகரம் இருந்தது. அதன் நிலப்பரப்பு 1 லட்சம் ஏக்கர், அது வளராது. மக்கள் மூவகையினர்: நிர்வாகத் தொழிலினர், தொழிலாளர், போதிய வேலையற்றோர். வீடுகளும் மூவகை, தொழில் நிலையங்களும் புதியவை, முதிர்ந்தவை, தேய்பவை என மூவகை. வெற்று நிலத்தில் தொடங்கும் நகரம் எப்படி வளர்ந்து, எப்படித் தேங்குகிறது என்பதை 250 ஆண்டுகளுக்குக் கணிப்பொறி கணக்கிட்டுக் காட்டியது. அதன்பின், அந்நாளில் அமெரிக்க நகரங்களில் கையாளப்பட்ட பரிகாரங்களை ஒவ்வொன்றாக அதில் புகுத்திப் பார்த்தார்.

விடை பலரைத் திடுக்கிடச் செய்தது. ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித் தருவது மிகுந்த தீங்கு விளைக்கும் பரிகாரம் என்று அக்கணக்கு கூறிற்று. வீடு கிடைக்கும் என்றறிந்து மேலும் பலர் வருவர்; தொழில் நிலையங்கள் எழ வேண்டிய நிலத்தை வீடுகள் அடைத்துக்கொள்ளும்; வேலைகள் குறையும்; எந்த ஏழைகளுக்காக வீடு கட்டினோமோ அவர்களே முன்னினும் நலிவர் என்பது அதன் காரண வரிசை. பழுதுற்ற குடியிருப்புகளில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அகற்றி, அந்நிலத்தைப் புதிய தொழில்களுக்கு அளித்தால் எஞ்சியோர் முன்னேறுவர் என்பது அது காட்டிய வழி. இதற்கு அடிப்படையான கொள்கையையும் அவர் வகுத்துரைத்தார். ஓர் ஊர் தன் சூழலைவிடக் கவர்ச்சி மிக்கதாக இருக்கும்வரை மக்கள் வந்துகொண்டே இருப்பர்; நெரிசலோ வேலையின்மையோ வீட்டுப் பஞ்சமோ மிகுந்து அந்தக் கவர்ச்சி சமனாகும்போதே வரத்து நிற்கும் என்பதே அக்கொள்கை.

இதில் உண்மை இல்லை என்று தள்ளிவிட இயலாது. வேலை உண்டு, தங்க இடமும் உண்டு என்று ஊரிலிருந்து முன்னே சென்ற ஒருவர் எழுதிய கடிதத்தை நம்பித்தானே நம்மில் பலருடைய குடும்பங்கள் ரயிலேறின? நாம் வந்து சேர்ந்த பின் நாமும் அத்தகைய கடிதங்களை எழுதினோம். நன்மை பயக்கும் என்று தொடங்கிய பரிகாரம் தாமதமாக எதிர்விளைவைத் தருவதுண்டு என்பதும், உடனே தெரியும் பலனை மட்டும் கண்டு மகிழலாகாது என்பதும் அந்நூல் புகட்டிய சிறந்த பாடங்கள்.

ஆனால் அந்நூலுக்கு எழுந்த எதிர்ப்பும் கடுமையானது. மாற்றறிஞர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் தலையாயது எல்லை பற்றியது. கணக்கு நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள உலகம், மக்கள் தோன்றி வருவதற்கும் சென்று மறைவதற்கும் உரிய, அளவற்ற வெற்றிடமாகவே கருதப்படுகிறது. குடிசை இடிக்கப்பட்டு நகரை விட்டு வெளியேறியவன், கணக்கை விட்டும் வெளியேறிவிடுகிறான். அவன் எங்கே சென்றான், அங்கே அவன் பிள்ளைகளின் படிப்பு என்னாயிற்று என்பவற்றை எழுத ஏட்டில் பக்கம் இல்லை. நகரத்தின் நிலை உயர்ந்ததாகத் தெரியும். அந்த உயர்வின் ஒரு பகுதி, நலிந்தோரை எல்லைக்கு அப்பால் அனுப்பியதால் வந்ததாக இருக்கலாம். எண்கள் பொய் சொல்லவில்லை. எல்லைக் கோட்டை எங்கே வரைவது என்ற தீர்ப்பு, முதல் எண்ணை எழுதுமுன்பே வழங்கப்பட்டுவிட்டது.

இதன்பின் இம்முறை உலகம் முழுவதற்கும் விரிந்தது. ரோம் மன்றத்தினர் 1970இல் பெர்ன் நகரில் கூடியபோது அழைக்கப்பட்ட பாரஸ்டர், 1971இல் ‘உலக இயக்கவியல்’ நூலை வெளியிட்டார். ஜனத்தொகை, மூலதனம், உணவு, இயற்கை வளம், மாசு ஆகியவற்றோடு ‘வாழ்க்கைத் தரம்’ என்னும் அளவும் அதில் இடம்பெற்றது. உணவு, பொருள் வசதி, நெரிசல், மாசு ஆகிய நான்கையும் கொண்டு அது அளக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெரன்ஸ் ஆகியோர் எழுதிய ‘வளர்ச்சியின் எல்லைகள்’ வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. 2100ஆம் ஆண்டு வரை நேரக்கூடிய பலவகைப் போக்குகளை அது காட்டியதேயன்றி, குறித்த நாளில் உலகம் அழியும் என்று ஆரூடம் கூறவில்லை.

உலகையே ஏட்டில் அடக்கியபின் எல்லைக்கு வெளியே யாரும் இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் உலகம் முழுவதையும் ஒரே சராசரியாகக் கண்டால், மிகையாக உண்பவனும் பட்டினி கிடப்பவனும் ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடுவர். இக்குறையை உணர்ந்து தென் அமெரிக்காவிலிருந்து ஒரு மறுமொழி எழுந்தது. அர்ஜென்டினாவில் பரிலோசே நிறுவனத்தில் அமில்கார் ஹெரேரா தலைமையில் அறிஞர் குழு ஒன்று, கணித முறையால் வேறுபட்ட மற்றோர் உலகக் கணக்கை அமைத்து 1976இல் வெளியிட்டது. உணவு, வீடு, கல்வி, மருத்துவம் ஆகிய அடிப்படைத் தேவைகளை எல்லோருக்கும் நிறைவு செய்வதையே அக்கணக்கு தன் நோக்கமாகக் கொண்டது. பிறந்த குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்பதை உயர்த்துவதற்கேற்ப வளங்களைப் பங்கிட்டது. எதைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்வதே திட்டத்தின் முதல் அடி என்பதை அம்முயற்சி தெளிவாக்கியது.

இனி நம் நாட்டின் தலைநகரை நோக்குவோம். டில்லித் திட்டம் இம்முறையால் ஆக்கப்பட்டதன்று. எனினும் இருப்பு, வரத்து, பின்னூட்டம், தாமதம் ஆகிய யாவும் அதன் வரலாற்றில் கண்கூடாக உள்ளன. 1941இல் 9 லட்சத்து 18 ஆயிரமாக இருந்த டில்லியின் ஜனத்தொகை 1951இல் 17 லட்சத்து 44 ஆயிரம் ஆயிற்று. நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தோர் பெருந்திரளாக அதில் சேர்ந்தனர். குடியிருப்புகள் பெருகின, கழிவு நீரும் பெருகியது. 1955ஆம் ஆண்டு இறுதியில், நஜப்கர் வடிகாலின் கழிவு நீர் யமுனையில் பின்னோக்கிச் சென்று, வஜீராபாத்தில் நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. அதனால் பரவிய மஞ்சட்காமாலையில் ஏறத்தாழ 29,000 பேர் துன்புற்றனர். நகரம் வெளியே தள்ளியதையே நகரம் குடித்தது. பின்னூட்டத்துக்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

அந்நாளில் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் ராஜகுமாரி அம்ருத் கௌர். அவருடைய அமைச்சகத்தின் கீழ் 1955இல் தோன்றிய நகர அமைப்பு நிறுவனம், போர்டு அறக்கட்டளை அனுப்பிய நிபுணர்களின் துணையோடு திட்டம் வகுத்தது. 1962இல் டில்லியின் முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நகருக்கு வரும் கூட்டத்தைத் தாங்க காஜியாபாத், பரீதாபாத், வல்லப்கர், குர்காவ், பகதூர்கர், லோனி ஆகிய சுற்றுவட்ட ஊர்களை வளர்க்க வேண்டும் என்று அது கூறிற்று. 1985இல் தேசியத் தலைநகர்ப் பிரதேசத் திட்ட வாரியம் சட்டப்படி அமைக்கப்பட்டது. குவாலியர், பட்டியாலா, கோட்டா, பரேலி, ஹிஸார் முதலிய தொலைவூர்களும் மக்களை ஈர்க்கும் எதிர்க் காந்தங்களாகக் குறிக்கப்பட்டன. கவர்ச்சியால் வரும் கூட்டத்தை மற்றொரு கவர்ச்சியால் திருப்பலாம் என்பது கருத்து.

விளைவு யாது? சுற்றுவட்ட ஊர்கள் வளர்ந்தன, டில்லியும் வளர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டில்லியின் ஜனத்தொகை 1 கோடியே 68 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இடையிலிருந்த வயல்கள் மறைந்து, காஜியாபாத்தும் பரீதாபாத்தும் குர்காவும் தலைநகரோடு ஒட்டிய ஊர்களாகிவிட்டன. மாற்றாக அமைந்த ஊர்கள் தலைநகரின் கவர்ச்சியை மேலும் பெருக்கின. வேலையும் வீடும் பயணமும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கப்படாவிடில் நேர்வது இதுவே.

வீட்டிலிருந்து வேலையைப் பிரித்ததற்கு டில்லி வரலாற்றில் சான்றுகள் குறைவல்ல. 1975 முதல் 1977 வரை, நெருக்கடி நிலைக் காலத்தில், பெருந்தொகையான குடிசைகள் அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் தொலைவிலுள்ள மறுகுடியமர்வுக் காலனிகளுக்கு அனுப்பப்பட்டனர். நமக்கு மிக அண்மையில் நடந்ததொன்றும் உண்டு. ஜங்புரா பகுதியில் பாராபுல்லா வடிகாலின் ஓரம், வீட்டு வேலையும் பிற சிறு தொழில்களும் செய்து பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த ‘மதராஸி கேம்ப்’ குடியிருப்பு, உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி இடித்து அகற்றப்பட்டது. சுமார் 370 குடிசைகள் அங்கே இருந்தன. வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் சுற்றுப்புறத்தில் வெள்ளம் தேங்குகிறது என்பது காட்டப்பட்ட காரணம். தகுதியுடையவை எனத் தேர்ந்த குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. தகுதி பெறாத குடும்பங்களும் பல.

வெள்ளம் வடிய வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் கணக்கு எங்கே முடிகிறது என்பதே நம் கேள்வி. வடிகாலின் நீரோட்டத்தோடு முடிந்தால் அது ஒரு விடை. காலையில் ஆறு வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண், நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வந்து திரும்பச் செலவிடும் மணி நேரங்களையும், பேருந்துக் கட்டணத்தையும், நடுவில் பள்ளி மாற நேர்ந்த குழந்தையையும், அவள் வராததால் வேலைக்குப் புறப்பட இயலாத மற்றொரு வீட்டாரையும் சேர்த்தால் விடை வேறாகலாம். வேறாகாமலும் போகலாம். ஆனால் சேர்க்காமல் வந்த விடையை முழு விடை என்று கொள்ளுதல் தகாது.

இதை இம்முறையின் வல்லுநர்களே உணராமல் இல்லை. 1980கள் தொட்டு அமெரிக்காவில் ஆல்பனியிலும், நெதர்லாந்தில் நைமேகனிலும் உள்ள பல்கலைக்கழக அறிஞர்கள், கணக்கைத் தனியறையில் அமைத்து மக்களிடம் விடையை மட்டும் நீட்டும் வழக்கத்தை மாற்ற முயன்றனர். பிரச்சினையில் தொடர்புடையோரை ஓரிடத்தில் கூட்டி, எது எதனைப் பாதிக்கிறது என்பதை அவர்களைக் கொண்டே பலகையில் வரையச் செய்து, அதன்பின் எண்களைப் புகுத்தும் கூட்டு முறை வளர்ந்தது. அதில் கிடைக்கும் பெரும் பயன், மற்றவர் கண்ணுக்குப் பட்டதும் நம் கண்ணுக்குப் படாததுமான அம்புக்குறிகளை யாவரும் காண்பதே ஆகும்.

பாரஸ்டர் 2016ஆம் ஆண்டில், தமது 98ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கருவி கூர்மையானது. மனிதர் எவ்வளவு அறிவுடையோராயினும், பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னி, தாமதித்து விளைவதை மனக்கணக்கால் தொடர்ந்து காண இயலாது என்ற அவருடைய எச்சரிக்கை என்றும் பொருந்துவது. கருவியைக் குறைகூறி ஒதுக்குவதால் நமக்கு நன்மை இல்லை. கருவி இல்லாத இடத்திலும் கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது; யாருடைய மனத்திலோ, எழுதப்படாமல், எவரும் கேள்வி கேட்க முடியாதபடி நடக்கிறது. எழுதிய கணக்கையாவது நாம் படித்துக் குறை காட்டலாம்.

ஆதலின், நாம் வாழும் நகரத்தில் திட்ட நகல் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போதெல்லாம், அது வேற்றூர்க்காரர் விவகாரம் என்று விலகி நிற்றல் நமக்குத் தகாது. அதனைப் படித்து மூன்று கேள்விகள் கேட்போம். இக்கணக்கின் எல்லை எது? இதில் உயர்த்த விழைவது யாருடைய நலம்? அதன் பலனும் பாதிப்பும் எத்தனை ஆண்டுகளில், யார் தலையில் விழும்? சங்கக் கூட்டங்களில் பொங்கல் விழாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். வீட்டு வேலை செய்வோரும் தள்ளுவண்டி வைத்திருப்போரும் அக்கூட்டத்தில் இருத்தல் வேண்டும். அவர்கள் அறிந்த அம்புக்குறிகளை அலுவலகத்தில் இருக்கும் நாம் அறியோம்.

மீண்டும் ஒரு நாள் ‘வரத்து’ என்னும் சொல்லை மொழிபெயர்க்க நேரும். அப்போதும் பேனா தயங்கும். பின் அதையே எழுதும். கணக்குக்கு அச்சொல் தேவை. நீர் பேசாது, வந்தவர் பேசுவர். ஏரிக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே. பேசுவோமாயின் அக்கணக்கு நம்முடையதும் ஆகும்.